பயப்படாதீங்க மக்கா... கருந்துளை கிடைக்கல!

2008 செப்டம்பர் 10. உங்கள்ல பலர் அப்போ பால்வாடியைக்கூடத் தாண்டியிருக்க மாட்டீங்க. ஜெனீவா பக்கத்துல பூமிக்கடியில ஒரு மெஷினை ஓட்டப் போறாங்க, அதுல கருந்துளை உருவாகி உலகத்தையே முழுங்கிடும்னு டி.வி. சேனல்கள் அலறின நாள் அது. அந்தச் செய்திகளைப் பார்த்துப் பயந்து, மத்தியப் பிரதேசத்தில் ஒரு சிறுமி உயிரையே மாய்ச்சுக்கிட்டதா பத்திரிகைகளில் வந்தது.

கொடுமை என்ன தெரியுமா? அன்னிக்கு அங்கே மோதலே நடக்கல. புரோட்டான் கற்றையைச் சுத்தவிட்டுப் பார்த்தாங்க, அவ்வளவுதான்!

அப்படி என்ன மெஷின்?

செர்ன் ஆய்வகத்தோட எல்.எச்.சி. சுற்றளவு 27 கி.மீ. நாகர்கோவில்ல இருந்து கன்னியாகுமரி போற தூரத்தைவிட அதிகம். அதோட காந்தங்களைத் தாங்குறது இந்தியாவில் செஞ்ச சுமார் 7,000 ஜாக்கிகள். மோதலைப் பதிவு செய்யற சி.எம்.எஸ். ஆய்வுக்குழுவில் நம்ம ஐ.ஐ.டி. மெட்ராஸும் உண்டு.

கருந்துளை வெறும் புரளியா?

இல்ல மக்கா. வழக்கமான ஈர்ப்புவிசைக் கணக்குப்படி, கருந்துளை உண்டாக்க எல்.எச்.சி.யைப் போல கோடி கோடி மடங்குக்கும் மேலே சக்தி வேணும். ஆனா 1998-ல் மூணு விஞ்ஞானிகள் ஒரு யோசனை சொன்னாங்க. நீளம், அகலம், உயரம் தவிர, கண்ணுக்குப் படாத கூடுதல் பரிமாணங்கள் இருந்தா? ஈர்ப்புவிசை அங்கேயும் பரவுறதாலதான் நமக்குப் பலவீனமாத் தெரியுதோ? அது நிஜம்னா, புரோட்டான் மோதலிலேயே அணுவைவிடக் குட்டியான கருந்துளை பிறக்கலாம்.

பிறந்தா ஆயுசு? ஸ்டீபன் ஹாக்கிங் கணக்குப்படி, கருந்துளை எவ்வளவு சின்னதோ அவ்வளவு வேகமா ஆவியாகிடும். கண் சிமிட்டுற நேரத்தைக் கோடி கோடியாப் பங்கு போட்டாலும் அதைவிடக் குறைவு! போகும்போது கோவில் கொடை வாணவேடிக்கை மாதிரி எல்லாப் பக்கமும் துகள்களைச் சிதறடிக்கும். அந்தச் சிதறலைத்தான் தேடினாங்க.

ஹாக்கிங் கணக்கு தப்பா இருந்தா?

நல்ல கேள்வி! விண்வெளியில இருந்து வர்ற காஸ்மிக் கதிர்களில் சில, எல்.எச்.சி.யைவிட அதிக சக்தியோட பூமியில் மோதுது. நீங்க சங்குத்துறை பீச்ல உக்காந்து சுண்டல் சாப்பிடும்போதும், காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதிப் பிறந்த மியூவான் துகள்கள் விநாடிக்குச் சுமார் ஒண்ணு வீதம் உங்க உள்ளங்கையைத் துளைச்சிட்டுப் போகுது. சுமார் ஒரு லட்சம் எல்.எச்.சி. ஆய்வுகளுக்குச் சமமான மோதல்களைப் பூமி ஏற்கெனவே பார்த்தாச்சுன்னு செர்ன் பாதுகாப்புக் குழு 2008-லேயே சொல்லிடுச்சு. முக்கடலும் அப்படியேதான் இருக்கு!

சரி, ரிசல்ட்?

2010 டிசம்பரில் சி.எம்.எஸ். முதல் முடிவை வெளியிட்டது. கிடைக்கல. பிறகு 13 டெரா எலக்ட்ரான் வோல்ட் மோதல்களிலும் தேடினாங்க. கிடைக்கல. அப்போ ஃபெயிலா? இல்லவே இல்ல. 'இந்த நிறைக்குள்ள கருந்துளை தெரிஞ்சாகணும்'னு சொன்ன பல கோட்பாடுகள் அதனால அடிபட்டுப் போச்சு. இல்லைன்னு ஆதாரத்தோட சொல்றதுக்கும் அறிவியல்ல மார்க் உண்டு.

அடுத்த தடவை 'உலகம் அழியப் போகுது'ன்னு மெசேஜ் வந்தா, ஃபார்வேர்ட் பண்றதுக்கு முன்னாடி 'கணக்கு எங்கே?'ன்னு கேளுங்க. வீட்டுல தம்பியோ தங்கச்சியோ அதைப் பார்த்துப் பயந்துபோயிருந்தா, கேலி பண்ணாதீங்க. பக்கத்துல உக்காந்து அந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுங்க.