கண்ணோயாளருக்கான அறிவுரை: மொழியும் சமூகத் தளமும்

1

மருத்துவ அறிவு இருவகை எழுத்தாக வெளிப்படுகிறது. ஒன்று, வைத்தியர் வைத்தியருக்கு எழுதுவது. நோயை இனங்காணல், சிகிச்சையைத் தெரிதல், தொடர்ந்து கண்காணித்தல் என்பவற்றுக்கான நெறிமுறைகள் இதன்பாற்படும். மற்றையது, நோயாளரின் கையிற் கொடுக்கப்படும் துண்டுப் பிரசுரம், வைத்தியசாலைச் சுவரில் ஒட்டப்படும் அறிவித்தல், கிளினிக் கொப்பியில் எழுதப்படும் இரண்டொரு வரி. முதலாவதைப் புலமை சார்ந்தது என்றும் இரண்டாவதை அதன் நீர்த்த வடிவம் என்றும் கொள்வதே பொது வழக்கு. இக்கருத்துப் பிழையானது, அப்பிழையின் வேர் சமூக உறவுகளில் உள்ளது. கண் நோய்களை ஆதாரமாகக் கொண்டு இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கண் நோய்களைத் தெரிந்தமைக்குக் காரணம் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2019 இல் வெளியிட்ட பார்வை பற்றிய அறிக்கை, உலகில் குறைந்தது 220 கோடிப் பேர் பார்வைக் குறைபாடு உடையோர் என்றும், அவருள் குறைந்தது 100 கோடிப் பேரின் குறைபாடு தடுத்திருக்கக்கூடியது அல்லது இன்னமும் கவனிக்கப்படாதது என்றும் கூறுகிறது. இந்த 100 கோடிப் பேரின் நிலைக்கு விஞ்ஞானத்தின் இயலாமையைக் காரணங் காட்ட முடியாது.

2

தமிழில் கண் மருத்துவ எழுத்துக்கு நீண்ட மரபு உண்டு. சித்த மருத்துவம் கண் நோய்களைத் தொண்ணூற்றாறு என வகுத்தது. அஞ்சனம், கலிக்கம் முதலாய சிகிச்சை முறைகளைச் செய்யுளில் அமைத்தது. மனனஞ் செய்வதற்கு வாய்ப்பான அச்செய்யுள் வடிவம் குருவிடமிருந்து சீடனுக்குச் செல்வது. நோயாளிக்கு அதில் எஞ்சியது பத்தியம் மட்டுமே: எதை உண்ணலாம், எதை விலக்க வேண்டும் என்ற கட்டளை. கட்டளைக்குக் காரணம் கூறப்படுவதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை வேறொரு வகையில் மாறியது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், தமது இரண்டாவது பணிக்காலத்தில் (1862-1873) மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். இரண வைத்தியம் (1867), வைத்தியாகரம் (1872), கெமிஸ்தம் (1875) முதலிய நூல்கள் அம்முயற்சியின் விளைவுகள். அவரது சமய நோக்கினை நாம் எவ்வாறு மதிப்பிடினும், நவீன மருத்துவத்தைத் தமிழிற் சொல்ல முடியும் என்பது அன்றே நிறுவப்பட்டுவிட்டது. எனினும் 1870 இல் கொழும்பில் நிறுவப்பட்ட மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்தையே போதனை மொழியாகக் கொண்டது. குடியேற்ற நாட்டு அரசாங்க உத்தியோகமும் தொழில் அங்கீகாரமும் அம்மொழியுடன் பிணைந்திருந்தன. ஆகவே தமிழ் பின்தள்ளப்பட்டமைக்குச் சொற்பற்றாக்குறையைக் காரணமாகக் காட்டுவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

3

இன்றைய நிலையை நோக்குவதற்குக் குளுக்கோமா எனும் நோய் சிறந்த எடுத்துக்காட்டாகும். கண்ணின் முற்பகுதியில் இடையறாது சுரக்கும் திரவம் சரிவர வடியாதபோது உள்ளழுத்தம் உயர்கின்றது. பார்வை நரம்பு படிப்படியாகச் சிதைகின்றது. பொதுவான வகையில் வலியில்லை, சிவப்பில்லை. பார்வையின் ஓரங்களே முதலிற் குன்றுவதாலும், ஒரு கண்ணின் குறையை மறு கண் ஈடுசெய்வதாலும் நோயாளி இழப்பை உணர்வதில்லை. உணரும் வேளையில் இழந்த பகுதி மீளாது.

இந்நோய்க்குரிய சொட்டு மருந்தின் பணி அழுத்தத்தைக் குறைத்து, எஞ்சிய பார்வையைக் காப்பது. அது பார்வையைக் கூட்டாது. சிகிச்சை முழுவதும் தங்கியிருப்பது இந்த ஒரு வாக்கியத்திலேயாம். இதனை அறியாதவர் இரண்டு மாதம் மருந்து விட்டுப் பார்க்கிறார், பார்வை தெளியவில்லை, மருந்து பயனற்றது என முடிவுசெய்து நிறுத்துகிறார். அவருடைய தர்க்கத்திற் பிழையில்லை. மருந்தென்பது வருத்தத்தைத் தணிப்பது என்ற வாழ்வனுபவத்திலிருந்து அவர் சரியாகவே முடிவெடுத்துள்ளார். “மருந்தை ஒழுங்காகப் பாவிக்கவும்” என்று மட்டும் எழுதிய துண்டுப் பிரசுரமே அவரைக் கைவிட்டது.

கலைச்சொல்லிலும் இத்தகைய இடர் உண்டு. “கண் அழுத்தம்” எனும் தொடர் குருதி அழுத்தத்துடன் மயங்கற்குரியது. பிரசருக்குக் குளிசை குடிப்பவர் கண்ணுக்கும் அதுவே போதுமெனக் கருத இடமுண்டு. அழுத்தம் வழமையான அளவில், அதாவது ஏறத்தாழ 10 முதல் 21 வரையான மில்லிமீற்றர் இரச அளவில், இருந்தும் நரம்பு சிதைவோர் உளர் என்பதையும் அச்சொல் மறைக்கின்றது.

சொட்டு மருந்தை விடும் முறையும் விளக்கத்தை வேண்டுவது. கீழிமையை இழுத்து ஒரு துளி விடவேண்டும்; போத்தலின் நுனி கண்ணிற் படலாகாது; கண்ணை மூடி, மூக்கோரக் கண்முனையை ஓரிரு நிமிடம் மெல்ல அழுத்த வேண்டும். இல்லையேல் மருந்து மூக்கின் வழியே உடலிற் கலக்கும். ரிமொலோல் போன்ற மருந்து அவ்வாறு கலப்பது ஆஸ்துமா உடையவருக்கு ஆபத்தாகலாம். இரு மருந்துகளாயின் இடையே ஐந்து நிமிடம் வேண்டும். நோயாளியின் உடன்பிறந்தோரும் பிள்ளைகளும் கண்களைப் பரிசோதிப்பித்தல் அவசியம். அவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு ஏனையோரினும் கூடியது. வைத்தியர் நெறிமுறைகளில் இவை யாவும் இடம்பெறுகின்றன. காரணத்துடன் கூடி நோயாளரை அடையும்போதே இவை பயன்படுகின்றன.

4

நோயாளரின் “அறியாமை” எனப்படுவது பல சமயங்களில் நேற்றைய நிபுணத்துவமே என்பதும் மனங்கொள்ளத்தக்கது. கண்புரை “பழுத்த” பின்னரே சத்திரசிகிச்சை செய்யவேண்டும் என்ற நம்பிக்கை இன்றும் உண்டு. இதனை ஒரு காலத்திற் கூறியவர்கள் வைத்தியர்களே. அன்றைய சத்திரசிகிச்சை முறைக்கு அது பொருந்தியது. 1949 இல் ஹரோல்ட் ரிட்லி லண்டனில் முதன்முதலாகக் கண்ணுள் வில்லை பொருத்தினார். பின்னர் நுண்சத்திர முறைகள் வளர்ந்தன. அன்றாட வேலைக்குப் பார்வை தடையாகும் நிலையே போதும், பழுக்கக் காத்திருக்க வேண்டியதில்லை என நெறிமுறை மாறியது. அம்மாற்றம் கிராமத்தை வந்தடையவில்லை. நெடுங்காலம் வில்லையின் விலையும் ஒரு தடையாக நின்றது. 1976 இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் வைத்தியசாலையின் சார்பில் 1992 இல் உருவான ஒரோலாப் அவ்வில்லையை மிகக் குறைந்த விலையில் உற்பத்தி செய்தது. பொருளின் “இயல்பான” விலை எனப்பட்டது உற்பத்தி உறவுகளின் விளைவே என்பதற்கு இது நல்ல சான்று.

வர்க்க நிலைமை மிகத் தெளிவாகப் புலப்படுவது விழிவெண்படலப் புண்ணில் ஆகும். சூடடிக்கும் களத்தில் நெல் உமியோ வைக்கோற் துரும்போ கண்ணிற் பட்டுக் கீறுகின்றது. கீறலிற் பங்கசு தொற்றுகின்றது. இது உழைப்பின் நோய். இலைச்சாறு விடுவதும் தாய்ப்பால் விடுவதும் தொற்றைக் கூட்டலாம். மருந்துக்கடையிற் கேட்டு வாங்கும் ஸ்ரெரொயிட் சொட்டு மருந்து சிவப்பைத் தணித்து, தொற்றை உள்ளே பரவவிடலாம். சீமெந்தோ சுண்ணாம்போ கிருமிநாசினியோ கண்ணிற் பட்டால், வைத்தியசாலைக்கு ஓடுமுன் அவ்விடத்திலேயே சுத்தமான நீரால் நெடுநேரம் கழுவவேண்டும். இவ்வறிவு வேலைத்தலத்திற்கு உரியது. ஆனால் அறிவித்தல் தொங்குவதோ வைத்தியசாலையில்.

நீரிழிவு விழித்திரை நோயும் குளுக்கோமாவைப் போன்றே ஆரம்பத்தில் ஓசையின்றி வருவது. “பார்வை நன்றாயிருக்கிறது” என்பது விழித்திரை நன்றாயிருப்பதற்குச் சான்றாகாது. பொதுவாக ஆண்டுக்கொரு முறையேனும் விழித்திரையைப் பரிசோதிப்பித்தல் வேண்டும். இதனைச் “சலரோகம்”, “சீனி வருத்தம்” என்று மக்கள் வழங்கும் பெயர்களாலேயே கூறுதல் தகும். அதேபோல் திடீரென மின்னல்கள் தோன்றினாலோ, கரும்புள்ளிகள் பெருகினாலோ, பார்வையின் ஒருபுறம் திரை விழுந்தாற்போல் மறைந்தாலோ, அன்றே வைத்தியரிடம் செல்லவேண்டும் என்பதும் தெளிவாகச் சொல்லப்பட வேண்டும்.

5

எனினும் நல்ல துண்டுப் பிரசுரமொன்று எழுதப்பட்டதும் யாவும் தீர்ந்துவிடும் என்பது கருத்துமுதல்வாத மயக்கமாகும். “குறித்த திகதியிற் கிளினிக்குக்கு வரவும்” என்ற வாக்கியம், தன் நேரம் தன்னுடையதாயுள்ள ஒருவரையே முன்னிலைப்படுத்துகின்றது. எமது நாட்டில் அரசாங்க வைத்தியசாலையின் சிகிச்சை இலவசமாயினும், தோட்டத் தொழிலாளி அங்கு செல்லும் நாளிற் பேரையும், அதாவது அன்றைய நாட்சம்பளத்தையும், இழக்கிறார். பஸ் கட்டணமும் துணைக்கு வருபவரின் நாளும் வேறு. ஆகவே அறிவுரையும் அதனைப் பின்பற்றுவதற்கான சமூக நிலைமையும் ஒருங்கே கோரப்படவேண்டியவை.

அதேவேளை, நிலைமை மாறும்வரை மொழியைப் பற்றிப் பேசவேண்டியதில்லை என்பதும் பொருந்தாது. இன்று குளுக்கோமாவுக்கு மருந்து விடுபவரின் பார்வை அதுவரை காத்திராது. இங்கே தமிழ்த்துறையினருக்குரிய பணி திட்டவட்டமானது. மருத்துவ பீடங்களுடன் இணைந்து, ஆங்கிலப் பிரசுரத்தின் மொழிபெயர்ப்பாக அமையாது நோயாளரின் கேள்வியிலிருந்து தொடங்கும் பிரசுரங்களை ஆக்குதல். ஒவ்வொரு கட்டளையுடனும் அதன் காரணத்தைச் சேர்த்தல். அச்சிடுமுன் அந்நோயாளரிடமே வாசித்துக்காட்டி, விளங்கியதை அவர் சொற்களிலேயே திருப்பிக் கூறக் கேட்டல். எழுத வாசிக்கத் தெரியாதவர்க்கும் பார்வை மங்கியவர்க்கும் வாய்மொழியாகவும் பெரிய எழுத்திலும் அதனை அமைத்தல். இவ்வாறு கேட்கும்போது திருத்தப்படுவது நோயாளியின் அறிவு மட்டுமன்று, வைத்தியரின் நெறிமுறையுமாம். மருந்தை ஏன் நிறுத்தினார் என்பதற்கான விடை அவரிடமே உள்ளது.