உறுதியில் எழுதும் விலை

லிங்கநகர்ப் பக்கம் இப்போது எந்த ஒழுங்கைக்குள் திரும்பினாலும் "விற்பனைக்கு" என்ற பலகை ஒன்று தொங்குகிறது. போன வருடம் எங்கள் வாசலிலும் தொங்கியது. வீடு என்னுடையது அல்ல, மகளுடையது. கிழக்கில் நம்மவர்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்த பிறகுதான் மற்றப் பேச்சு. மத்திய வீதியில் கடை வைத்து இருபது வருடம் சேர்த்த காசு, 20 பேர்ச் வளவாகவும் நான்கு அறையாகவும் மாறி, 2012இல் நன்கொடை உறுதி மூலம் மகளின் பேருக்குப் போனது. மகளும் மருமகனும் 2019இல் இங்கிலாந்து போனார்கள். இப்போது நிரந்தர வதிவிட உரிமையும் கிடைத்துவிட்டது. லெஸ்டர் நகரில் வாடகைக்கு இருந்துகொண்டே வீடு தேடினார்கள். ஒவ்வொரு நாளும் இஷாவுக்குப் பிறகு வட்ஸ்அப்பில் படம் வரும். "வாப்பா, இந்த வீடு எப்படி?" என்று கேட்பாள். செங்கல் சுவரையும் ஒட்டுக் கூரையையும் பார்த்து நான் என்ன சொல்ல?

2022ஆம் ஆண்டில் மட்டும் 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் வேலைக்காக நாட்டைவிட்டுப் போனார்கள். போனவர்களில் ஒரு பகுதியினர் இனித் திரும்புவதில்லை என்று முடிவெடுக்கும் காலம் இது. ஆகவே மகளின் கதை பலருடைய கதைதான். வியாபாரிகள் என்ற முறையில் நாம் இதைக் கணக்காகப் பார்க்க வேண்டும். காணி விற்கும்போது மட்டும் நமக்குக் கணக்கு மறந்துபோகிறது.

முதல் கேள்வி, எந்த நாணயத்தில் விலை பேசுகிறோம் என்பது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபா. மே மாதத்தில் 360 ரூபா. இரண்டு கோடி ரூபாவுக்கு வீட்டை விற்று மூன்று மாதம் காசை இங்கேயே வைத்திருந்த ஒருவருக்கு ஒரு இலட்சம் டொலர் 55 ஆயிரமாகச் சுருங்கியது. வீட்டு விலையில் ஒரு சதம்கூடக் குறையவில்லை. பேரம் பேசி ஐந்து இலட்சம் கூட்டி வாங்கிய கெட்டித்தனம் எங்கே போனது? வெளியே வீடு வாங்குகிறவன் அந்த நாட்டு நாணயத்தில்தான் யோசிக்க வேண்டும்.

தரகர்மாரின் கதையையும் சொல்ல வேண்டும். துறைமுகத்தைப் பற்றி ஒரு செய்தி வந்தால் போதும், பேர்ச்சுக்கு ஒரு இலட்சம் ஏற்றிவிடுவார்கள். 2022 ஜனவரியில் எண்ணெய்த் தாங்கிகளில் 61ஐ இந்திய நிறுவனத்துடன் கூட்டாக அபிவிருத்தி செய்ய ஒப்பந்தம் கைச்சாத்தானபோது ஏறியது. 2025 ஏப்ரலில் இந்தியா, ஐக்கிய அரபு இராச்சியம், இலங்கை மூன்றும் திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் உடன்பாட்டில் கையெழுத்திட்டபோது மீண்டும் ஏறியது. ஏறியது கேட்கும் விலை மட்டும்தான். காசை மேசையில் வைக்கும் ஆள் அப்போதும் பழைய விலையைத்தான் சொன்னார்.

எங்களுக்கு வந்த முதல் ஆள் இரண்டு கோடி என்றார். நல்ல விலை. மகள் அங்கே பார்த்து வைத்திருந்த வீடு இரண்டரை இலட்சம் பவுண். நமக்கு வட்டிக் கடன் ஆகாது. அங்கே இஸ்லாமிய முறையில் வீடு வாங்க வழி இருக்கிறது. வங்கியும் வாங்குபவரும் பங்காளிகளாகச் சேர்ந்து வீட்டை வாங்கி, வங்கியின் பங்குக்கு வாடகை கொடுத்துக்கொண்டே அந்தப் பங்கை மெல்ல மெல்ல வாங்கி முடிப்பது. இப்படி வாங்கினால் வீடு இரண்டு தடவை கைமாறுவதால் இரண்டு தடவை முத்திரைத் தீர்வை விழுந்துகொண்டிருந்தது. 2003இல் பிரித்தானிய அரசு நிதிச் சட்டத்தால் அதை நீக்கியது. ஆனால் கையில் ஐந்தில் ஒரு பங்காவது வேண்டும். அதாவது 50 ஆயிரம் பவுண். பவுண் 400 ரூபா என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால் சரியாக இரண்டு கோடி.

முற்பணம் பேச உட்கார்ந்தபோதுதான் அவர், "உறுதியில ஒன்று இருபது போடுவோம், மிச்சம் கையில தாறேன்" என்றார். ஒரு கோடி இருபது இலட்சம் என்று எழுதுவது, எண்பது இலட்சத்தைப் பையில் தருவது. ஊரில் எல்லாரும் செய்வதுதான் என்றார். பொய் இல்லை.

அவருக்கு என்ன இலாபம்? உறுதியின் மீதான முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். கட்டுவது வாங்குபவர். இரண்டு கோடிக்கு 7 இலட்சத்து 99 ஆயிரம் வரும். எண்பது இலட்சத்தைக் குறைத்தால் அவருக்கு 3 இலட்சத்து 20 ஆயிரம் மிச்சம்.

எங்களுக்கோ அதைவிடக் கூடுதல். 2018 ஏப்ரலில் மீண்டும் வந்த மூலதன ஆதாய வரி அப்போது 10 வீதம். 2025 ஏப்ரல் 1 முதல் தனியாட்களுக்கு 15 வீதம். 2017 செப்டெம்பர் 30க்கு முன் வாங்கிய ஆதனமானால் அன்றைய சந்தைப் பெறுமதியைக் கழித்துவிட்டு மிகுதிக்கு வரி. எங்கள் வீட்டுக்கு மதிப்பீட்டாளர் அந்தத் திகதிக்கு ஒரு கோடி இருபது இலட்சம் என்று எழுதித் தந்திருந்தார். ஆகவே ஆதாயம் 80 இலட்சம், வரி 12 இலட்சம். அவர் சொன்னபடி எழுதினால் காகிதத்தில் ஆதாயமே இல்லை!

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பலருக்கு இது தெரியாது. சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டை விற்றால் இந்த வரி இல்லை. ஆனால் விற்பதற்கு முந்திய மூன்று வருடமும் உங்கள் பெயரில் இருந்திருக்க வேண்டும், அதில் இரண்டு வருடமாவது நீங்கள் அதில் வசித்திருக்க வேண்டும், வரிச் சட்டப்படி நீங்கள் இலங்கை வதிவாளராகவும் இருக்க வேண்டும். போய் ஆறு வருடமான மகளுக்கு இது பொருந்தாது. இன்னும் விமானம் ஏறாதவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம் இது. வீட்டைப் பூட்டிவிட்டுப் போய் ஆறுதலாக விற்போம் என்பதற்கும் ஒரு விலை இருக்கிறது.

சரி, இரு பக்கத்துக்கும் சேர்த்து 15 இலட்சம் மிச்சமாகும் யோசனை. ஏன் ஒத்துக்கொள்ளவில்லை? அது பொய்ச் சாட்சியம் என்பது ஒரு காரணம், எனக்கு அதுவே போதும். அதை ஒதுக்கி வைத்தாலும் வியாபாரக் கணக்கே சரிவரவில்லை. வெளிநாட்டில் நிரந்தரமாகக் குடியேறியவர் இங்குள்ள ஆதனத்தை விற்ற காசை 2017ஆம் ஆண்டின் வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் வங்கியில் அதற்குரிய மூலதனக் கணக்கு ஒன்றில் போட்டுத்தான் அனுப்ப வேண்டும். வங்கி பார்ப்பது உறுதியில் உள்ள தொகையை. ஒரு கோடி இருபது இலட்சம் என்று எழுதிவிட்டு இரண்டு கோடியை எப்படி அனுப்புவது? மிகுதி எண்பது இலட்சத்துக்கு உண்டியல்தான் வழி. அது சட்டவிரோதம். அதுகூடப் போய்ச் சேரும் என்று வையுங்கள். லெஸ்டரில் வீடு வாங்கித் தரும் சட்டத்தரணி, இந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று காகிதம் கேட்பார். பணச் சலவைக்கு எதிரான அந்நாட்டு விதிகள் அவரைக் கேட்கச் சொல்கின்றன. நம்மிடம் உள்ள ஒரே காகிதம் உறுதி. அது ஒரு கோடி இருபது இலட்சம் என்றுதான் பேசும்.

மருமகனிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "மாமா, அந்த வீடு போயிரும்" என்றார். அதுவும் உண்மை. இங்கிலாந்தில் விலை பேசி ஒத்துக்கொண்டாலும் ஒப்பந்தங்கள் பரிமாறும்வரை யாரும் கட்டுப்பட்டவர் இல்லை. கூடுதல் விலைக்கு இன்னொருவர் வந்தால் விற்பவர் அவரிடம் போய்விடலாம். நம் நாட்டில் 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளுடன் எழுதாத காணிப் பேச்சு எதுவும் செல்லாது. அங்கேயும் இங்கேயும் வாய்ப்பேச்சுக்குப் பெறுமதி ஒன்றுதான்.

அந்த வீடு போனது.

இரண்டு மாதம் கழித்து, உறுதியில் முழு விலையையும் எழுதச் சம்மதித்த ஒருவர் வந்தார். விலை ஒரு கோடி தொண்ணூறு இலட்சம். பத்து இலட்சம் குறைவு. "முழு விலையும் எழுதினா அந்த விலைதான்" என்றார், நியாயம்தான். மகள் இலண்டன் உயர்ஸ்தானிகராலயத்தில் அற்றோணித் தத்துவத்தில் கையெழுத்திட்டு அனுப்பினாள். அதை இங்கே பதிவு செய்தோம். பழைய தத்துவப் பத்திரத்தைக் காட்டி வீடு விற்ற காலம் போய்விட்டது. 2022இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். நொத்தாரிசு பதிவைப் பார்க்காமல் பேனையை எடுக்கவில்லை. வரி பத்தரை இலட்சம். விற்ற மாதம் முடிந்து ஒரு மாதத்துக்குள் கட்டினோம். தரகு போக மிஞ்சியது ஏறக்குறைய 44 ஆயிரம் பவுண். அனுப்பக்கூடிய உச்சத்தொகையை 2020க்குப் பிறகு கட்டளைகள் மூலம் பல தடவை மாற்றியிருக்கிறார்கள். ஆகையால் உறுதி எழுத முன்பே வங்கிக்குப் போய் அன்றைய நிலைமையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இன்னும் ஒரு விடயம் மகளிடம் சொன்னேன். அங்குள்ள பிரஜாவுரிமை எடுத்தால், இரட்டைப் பிரஜாவுரிமை பெறாதவரை இங்கே காணி வாங்க முடியாது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்கு அதைத் தடுக்கிறது. வாரிசாக வருவதற்கு விதிவிலக்கு உண்டு, விலைக்கு வாங்க இல்லை. விற்றுவிட்டுப் பிறகு யோசித்தால் திரும்பி வாங்கலாம் என்ற எண்ணத்தில் யாரும் விற்கக் கூடாது. அவள் அன்று எதுவும் சொல்லவில்லை. மறுநாள் உம்மாவிடம் பேசியிருக்கிறாள்.

44 ஆயிரத்துக்கு ஐந்து மடங்கு இரண்டு இலட்சத்து இருபதாயிரம். அந்த விலைக்குள் லெஸ்டரில் வரிசை வீடு ஒன்று, மூன்று அறை, பின்னால் சின்ன வளவு. அளவைக் கேட்டேன். மூன்று பேர்ச் வரும் என்றாள். நானும் மனைவியும் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறோம். லிங்கநகர்த் திறப்பைக் கொடுக்க உறுதியில் மூன்று மாதத் தவணை எழுதியிருந்தோம், இரண்டாவது மாதமே கொடுத்துவிட்டோம்.