புல் வெட்டும் மாதத்தை மாற்றினால் தரை ஆர்க்கிட் பிழைக்கும்

ஆர்க்கிட் என்றதும் நிழல்வலைக் குடிலில் வளர்க்கும் விலை உயர்ந்த பூச்செடிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். மரத்தில் கொடியேற்றி வளர்க்கும் வனிலாவும் அதே குடும்பம்தான். இவற்றைத் தவிர, மண்ணில் வேர்விட்டுப் புல்லோடு புல்லாக வளரும் ஆர்க்கிட்டுகளும் உண்டு. இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறை 2019ல் வெளியிட்ட பட்டியலின்படி, நாட்டிலுள்ள 1,256 ஆர்க்கிட்டுகளில் 447 தரையில் வளர்பவை. அவற்றில் சில குன்னூர், கோத்தகிரி, ஊட்டி வட்டாரங்களின் புல்மேடுகளில் இன்றும் பூக்கின்றன. உங்கள் தேயிலைத் தோட்டத்தின் ஓரத்தில்கூட இருக்கலாம்.

அடையாளம் காண்பது எப்படி?

நீலகிரியில் எளிதில் கண்ணில் படும் தரை ஆர்க்கிட், சட்டீரியம் நேபாலென்ஸ். இமயமலைச் சரிவுகளிலும் நம் மலைகளிலும் வளர்வது இது. தரையை ஒட்டி இரண்டு, மூன்று தடித்த இலைகள் இருக்கும். நடுவிலிருந்து ஒரே தண்டு நிமிர்ந்து வரும். அதன் நுனியில் இளஞ்சிவப்புப் பூக்கள் கதிர் போல நெருக்கமாக அமைந்திருக்கும். ஒரு பூவைத் திருப்பிப் பாருங்கள். பின்புறம் வால் போல இரண்டு சிறு குழல்கள் தொங்கும். இந்த இரட்டை வால்தான் சரியான அடையாளம். பூக்கும் காலம் ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை.

வெள்ளைப் பூவும் ஒற்றை நீள வாலும் இருந்தால் அது ஹேபனேரியா வகையாக இருக்கலாம். சிறு பூக்கள் தண்டைச் சுற்றித் திருகாணி போல ஏறினால் அது ஸ்பைரான்தஸ்.

மண்ணுக்கு அடியில் நடப்பது

சட்டீரியம் செடியின் அடியில் இரண்டு கிழங்குகள் இருக்கும். ஒன்று, இந்த ஆண்டுச் செடிக்கு உணவு கொடுத்துச் சுருங்கும் பழைய கிழங்கு. மற்றது, அடுத்த ஆண்டு முளைப்பதற்காகப் பருத்துவரும் புதிய கிழங்கு. மழைக்காலம் முழுவதும் இலை தயாரிக்கும் உணவு புதிய கிழங்குக்குப் போகிறது. மழை ஓய்ந்து உறைபனி தொடங்கும்போது இலையும் தண்டும் காய்ந்துவிடும். கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உறங்கி, கோடை மழைக்குப் பிறகு மீண்டும் துளிர்க்கும்.

விதையின் கதை வேறு. ஒரு காயில் தூசி போல ஆயிரக்கணக்கான விதைகள் இருந்தாலும், நெல், ராகி விதையில் இருப்பது போன்ற உணவுச் சேமிப்பு அவற்றில் கிடையாது. மண்ணில் உள்ள பூஞ்சை உள்ளே நுழைந்து ஊட்டம் கொடுத்தால்தான் முளைக்கும். ஏற்ற பூஞ்சை இல்லாத இடத்தில் எவ்வளவு விதை விழுந்தாலும் பயனில்லை.

அதனால்தான் இந்தச் செடியைத் தோண்டி வீட்டுத் தொட்டியில் நட்டால் பெரும்பாலும் நிலைப்பதில்லை. செடியைக் காப்பாற்ற வேண்டுமானால் அது நிற்கும் புல்மேட்டைக் காப்பாற்ற வேண்டும்.

புல்மேடு ஏன் குறைகிறது?

நீலகிரியின் உயரமான பகுதிகளில் பள்ளங்களில் சோலையும் மேடுகளில் புல்வெளியுமாக இருப்பதே இயற்கை அமைப்பு. தோடர்களின் எருமைகள் மேய்ந்ததும் இந்தப் புல்வெளிகளில்தான். புல்வெளியைத் தரிசு என்று கருதி, ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கிச் சீகை, கற்பூர மரம், பைன் ஆகியவற்றை நட்டார்கள். தேயிலையும் மலைக்காய்கறியும் இன்னொரு பங்கை எடுத்துக்கொண்டன. பழனி மலையில் மரத் தோட்டங்களாலும் விவசாயத்தாலும் நாற்பது ஆண்டுகளில் புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு சுருங்கிவிட்டதாக 2018ல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது.

சீகை நிழலில் வெயில் விரும்பும் புல் நிற்காது. புல் போனால் ஆர்க்கிட்டும் போய்விடும். பெரிய புல்வெளிகள் சுருங்கிய நிலையில், சாலையோர மண்திட்டு, ஓடைக்கரைப் புல், தோட்டத்து வேலியோரம் போன்ற துண்டு நிலங்களும் இந்தச் செடிகளுக்கு முக்கியமாகிவிட்டன.

நீங்கள் செய்யக்கூடியவை

* ஆகஸ்ட், செப்டம்பரில் தோட்டத்து ஓரங்களை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். பூத்த இடத்தில் ஒரு குச்சி நட்டு அடையாளம் வையுங்கள்.

* குச்சி நட்ட இடத்தில் ஜனவரி நடுப்பகுதி வரை புல் வெட்ட வேண்டாம். பூக்கும்போதே வெட்டினால் விதையும் போகும், புதிய கிழங்கும் பருக்காது. காய் வெடித்துச் செடி காய்ந்த பிறகு, ஏப்ரல் வரை தாராளமாக வெட்டலாம், மாடும் மேய்க்கலாம். அப்போது கிழங்கு மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை புல்லைக் குறைப்பது செடிக்கும் நல்லதே, வெயில் கிடைக்கும்.

* தேயிலை வரிசைக்கு அடிக்கும் களைக்கொல்லி புல்மேட்டில் படக் கூடாது. கொப்புள நோய்க்கு அடிக்கும் பூஞ்சைக்கொல்லி காற்றில் பறந்து அங்கே விழாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். உரமும் அங்கே வேண்டாம்.

* சீகைக் கன்றுகளைச் சிறியதாக இருக்கும்போதே, மண் ஈரமாக இருக்கையில் வேரோடு பிடுங்குங்கள். காய்ந்த புல்லுக்குத் தீ வைக்காதீர்கள். மண்ணில் கிடக்கும் சீகை விதையை அந்தச் சூடே முளைக்க வைத்துவிடும்.

* மண்திட்டுகளை ஜேசிபியால் சுரண்டி மொட்டையாக்க வேண்டாம். மேல்மண்ணோடு கிழங்கும் போகும். மழையில் மண்ணும் சரியும். 2009 நவம்பர் நிலச்சரிவுகளைப் பார்த்த குன்னூர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

* கிழங்கைத் தோண்டாதீர்கள், தோண்டி விற்பவரிடம் வாங்காதீர்கள். நாட்டு மருந்துக் கடைகளில் சாலாமிசிரி என்ற பெயரில் விற்பதும் தரை ஆர்க்கிட் கிழங்குகளே. காப்புக்காட்டில் செடி தோண்டுவது வனச் சட்டப்படி குற்றம். ஆர்க்கிட் குடும்பம் முழுவதுமே சைட்டிஸ் என்னும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தின் கீழ் வருகிறது.

களப்பணியாளர்களுக்கு

சாலையோரப் புல் வெட்டும் வேலை மழைக்காலத்தில் நடக்கும் ஊர்களில், பார்வைக்கு இடைஞ்சலான வளைவுகளை மட்டும் அப்போது வெட்டிவிட்டு, மற்ற இடங்களை ஜனவரிக்குத் தள்ளிவைக்கும்படி ஊராட்சியிடம் பேசலாம். கூடுதல் செலவு இல்லை, மாதம்தான் மாறுகிறது. சிறு தேயிலை விவசாயிகள் கூட்டத்தில் செடியின் படத்தைக் காட்டி, எந்தெந்தத் தோட்டத்தில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

குச்சி நட்ட இடத்தை அடுத்த ஆகஸ்ட்டிலும் போய்ப் பார்த்து, பூத்த தண்டுகளை எண்ணி எழுதி வையுங்கள். மூன்று, நான்கு ஆண்டுக் கணக்கு கையில் இருந்தால் எண்ணிக்கை கூடுகிறதா, குறைகிறதா என்று நீங்களே சொல்லிவிடலாம்.