ரகசியம் காப்பதாகச் சொல்வதற்கு முன்

மகாராஷ்டிரத்தின் ராஜுராவில் பள்ளி விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானது 2019இல் வெளியே வந்தது. அவர்களுக்குச் சிகிச்சை அளித்துவந்த மருத்துவர், விவரம் தெரிந்தும் போலீஸுக்குச் சொல்லவில்லை என்று அவர்மீதும் வழக்குப் பதிவானது. உயர் நீதிமன்றம் அவர்மீதான வழக்கை ரத்துசெய்தது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தெரிந்தும் புகார் செய்யாதது கடுமையான குற்றம் என்றது.

இந்தக் கடமை மருத்துவருக்கு மட்டுமானதல்ல. 18 வயதுக்குட்பட்டவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவு மருத்துவமனைச் சமூகப் பணியாளரையும் கட்டுப்படுத்தும். பிரசவத்துக்கு வந்த 17 வயதுப் பெண்ணின் தாய், "கேஸ் ஆனா குடும்பமே போயிடும், மேடம்" என்று அழுவது பெரும்பாலும் அவரிடம்தான். அந்தக் கண்ணீர் பொய்யல்ல. ஆனாலும் சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தகவல் போயாக வேண்டும். மேலதிகாரியிடம் சொல்லிவிட்டால் கடமை தீர்ந்துவிடாது. தவறினால் 6 மாதம்வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர்மீது வழக்குப் போட முடியாது.

கருக்கலைப்புக்கு வரும் சிறுமிக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. அவளும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் போலீஸுக்குத் தரும் தகவலில் அவளது பெயர், அடையாளத்தைச் சொல்ல வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. போலீஸுக்குப் பயந்து போலி மருத்துவரைத் தேடிப் போகும் குடும்பங்களுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

எச்ஐவி விஷயத்தில் சட்டம் நேரெதிராகப் பேசுகிறது. 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி, நோயாளியின் சம்மதமின்றிப் பரிசோதனை முடிவை வெளியிடுவது பொதுவாகக் கூடாது. துணைக்குத் தொற்றும் ஆபத்து கணிசமாக இருந்தால் மருத்துவரோ ஆற்றுப்படுத்துநரோ சொல்லலாம். அதற்கும் முதலில் நோயாளியையே சொல்லச் சொல்லி ஆலோசனை தர வேண்டும். அவர் சொல்லமாட்டார் என்று உறுதியான பிறகு, தாங்கள் சொல்லப்போவதை அவருக்குத் தெரிவிக்க வேண்டும். சமூகப் பணியாளர் என்பதாலேயே இந்த உரிமை வந்துவிடாது. வார்டு ஊழியருக்கு இல்லவே இல்லை.

ஆகவே, "நீங்க சொல்றது வெளியே போகாது" என்று பேச்சைத் தொடங்குவதே தவறு. எதைக் காக்க முடியும், எதைக் காக்க முடியாது என்பதை நோயாளி வாய் திறக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். பிறகு சொன்னால் அவர் ஏமாற்றப்பட்டதாகவே உணர்வார்.

எச்ஐவி ரகசியம் கசிந்தால், அந்தச் சட்டத்தின்கீழ் மாநில அரசு நியமிக்கும் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம். அவர் 30 நாளுக்குள் உத்தரவிட வேண்டும். மருத்துவ அவசரமென்றால் கூடுமானவரை 24 மணி நேரத்துக்குள்.