வாரிய தூர் எங்கே போவது?

குளத்தின் அடியிலும் கிணற்றின் அடியிலும் தங்கும் சேற்றைத் தமிழர் ‘தூர்’ என்பர். கோடையில் குளத்தைத் தூர் வாரினால், வாரிய வண்டல் வயலுக்கு உரமாகும். எடுத்த இடத்துக்கும் நன்மை. இட்ட இடத்துக்கும் நன்மை. துறைமுகத்தை ஆழப்படுத்துவதையும் தூர் வாருதல் என்றே சொல்கிறோம். ஆயினும் அந்தத் தூரை ஏற்க வயல் இல்லை. அதை எங்கே கொட்டுவது? ஆஸ்திரேலியாவின் அபட் பாயிண்ட் துறைமுகத்தில் எழுந்த பூசல் இக்கேள்வியைப் பற்றியதே.

குயின்ஸ்லாந்து மாநிலத்தில், போவென் நகருக்கு அருகே உள்ள இத்துறைமுகம் நிலக்கரி ஏற்றுமதிக்கென அமைந்தது. அதனை விரிவாக்கும் பொருட்டு வாரப்படும் 30 இலட்சம் கன மீட்டர் தூரைப் பெருந்தடுப்புப் பவளத்திட்டுக் கடற்பூங்காவின் எல்லைக்குள் கொட்ட, 2014 ஜனவரி 31ஆம் நாள் பூங்கா ஆணையம் இசைவளித்தது. இப்பவளத்திட்டு 1981 முதல் உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாகும்.

கொட்டுமிடத்தில் பவளமும் கடற்புல்லும் இல்லை என்பது ஆணையம் காட்டிய காரணம். எதிர்த்தோர் கூறியது வேறு. தூரிலுள்ள மணல் விரைவில் அடியில் படியும். நுண்ணிய சேறோ நீரோட்டத்துடன் நெடுந்தொலைவு செல்லும். பவளம் தன் உடலுள் வாழும் நுண்பாசி ஆக்கித் தரும் உணவையே பெரிதும் நம்பியிருப்பது. பாசிக்கு வெயில் வேண்டும். நீர் கலங்கினால் வெயில் குறையும். ஆவுளியா மேயும் கடற்புல்லுக்கும் அதே கதிதான். 200-க்கும் மேற்பட்ட அறிவியலறிஞர்கள் இசைவளிக்க வேண்டாமென முன்னதாகவே கடிதம் எழுதியிருந்தனர். சுற்றுலாத் தொழிலினரும் மீன்பிடிப்போரும் எதிர்ப்பில் சேர்ந்தனர். வட குயின்ஸ்லாந்து இயற்கைப் பாதுகாப்பு மன்றம் தீர்ப்பாயத்தை நாடியது.

2014 செப்டம்பரில் கடலில் கொட்டும் திட்டம் கைவிடப்பட்டது. அடுத்து, துறைமுகத்தை அடுத்துள்ள கேலி பள்ளத்தாக்குச் சதுப்பு நிலம் குறிக்கப்பட்டது. அது நீர்ப்பறவைகளின் உறைவிடம்; ஆகவே மீண்டும் எதிர்ப்பு எழுந்தது. 2015இல் பதவியேற்ற மாநில அரசு அதையும் விலக்கியது. பின்னர், தூரின் அளவு 11 இலட்சம் கன மீட்டராகக் குறைக்கப்பட்டு, துறைமுகத்தின் அருகிலுள்ள நிலத்திலேயே அதை இடுவதென முடிவாயிற்று. துறைமுகங்களைப் புதிதாக ஆழப்படுத்தி எடுக்கும் தூரைக் கடற்பூங்காவில் கொட்டுவது அதே 2015ஆம் ஆண்டில் தடை செய்யப்பட்டது. எனினும், அவ்வப்போது படியும் வண்டலை அகற்றும் பராமரிப்புப் பணிக்கு இத்தடை பொருந்தாது. ஆகவே கேள்வி முற்றும் தீர்ந்ததென்று சொல்வதற்கில்லை.

இதில் கருதத்தக்கது ஒன்றுண்டு. விரிவாக்கத்துக்குக் காரணமாகக் காட்டப்பட்ட சுரங்கங்களுள் ஒன்றான கார்மைக்கல் சுரங்கத்தின் நிலக்கரி, 2021 இறுதியில், முன்பே இருந்த ஏற்றுமேடை வழியாகவே கப்பலேறியது. இன்றியமையாததெனச் சொல்லப்பட்ட தூர் வாரப்படவே இல்லை. எங்கே கொட்டுவது என்று மக்கள் விடாது கேட்டனர்; முடிவில், வாரத்தான் வேண்டுமா என்னும் கேள்விக்கும் விடை கிடைத்தது.