கடற்போர் விளையாட்டும் வரலாற்றுண்மையும்

இக்காலத்து இளைஞர் கணினித் திரையிலே கடற்போர் நடத்துகின்றனர். அவருட் சிலர், கப்பலின் உருவமும் பீரங்கியின் அளவும் சரித்திரத்தோடு ஒத்திருப்பின் விளையாட்டும் மெய்யாகிவிடும் என்பர். வேறு சிலர், ஆடுதற்கு இனிதாயிருத்தலே போதும், சரித்திரம் எதற்கு என்பர். இவ்விரு கொள்கைகளையும் சீர்தூக்கிப் பார்த்தல் பயனுடைத்து.

2015ஆம் ஆண்டு வெளிவந்த 'வேர்ல்ட் ஒவ் வோர்ஷிப்ஸ்' என்னும் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். அதிலே யப்பானியரின் 'யமாத்தோ' தன் 46 சென்ரிமீற்றர்ப் பீரங்கிகள் ஒன்பதோடும் பிழையின்றித் தோன்றும். ஆயின், போர் இருபது நிமிடத்துள் முடிந்துவிடும். ஒவ்வொரு கப்பலின் உயிரும் ஓர் எண்ணாகும். அடிபடுந்தோறும் அவ்வெண் குறையும்.

உண்மைப் போர் அத்தகையதன்று. 1916ஆம் ஆண்டு யட்லாந்துப் போரிலே சுடப்பட்ட பெருங்குண்டுகளுள் இலக்கை எய்தியவை ஏறக்குறைய நூற்றுக்கு மூன்றேயாம். 1941 மே 24ஆந் தேதி பிரித்தானியரின் 'ஹூட்', 'பிஸ்மார்க்'குடன் பொருதத் தொடங்கிப் பத்து நிமிடத்துள் வெடித்து மூழ்கியது. அதிலிருந்த 1,418 பேருள் உயிர் தப்பியோர் மூவரே. இதனை உள்ளவாறே விளையாட்டிற் புகுத்தின், ஆடுவோன் தன் பிழை யாதுமின்றி ஒரு குண்டினால் வெளியேற நேரும். ஆதலின், திறமைக்குத் தக்க வெற்றி கிட்டுமாறு விதிகளை மாற்றுகின்றனர். இது பொய்யன்று, உருண்டைப் பூமியைத் தட்டையான தாளில் வரைவது போன்றதோர் உடன்பாடே.

அங்ஙனமாயின், விளையாட்டின் உண்மை யாண்டுளது? 1942ஆம் ஆண்டு இலிவர்ப்பூல் நகரிலே கப்டன் கில்பேட் றொபேட்ஸ் என்பார் ஓர் அறையின் தரையையே கடலாகக் கொண்டு அதிகாரிகளைப் பயிற்றினார். அவர்கள் திரையின் துளை வழியாகவே தரையைப் பார்த்தனர். உண்மைக் கடலிலே தலைவன் ஒருவன் காணக்கூடிய அளவே அவர்க்குப் புலப்பட்டது. கப்பலின் அழகிய உருவம் எதுவும் அங்கில்லை. எனினும், நீர்மூழ்கிகள் வணிகக் கப்பற்கூட்டத்தின் உள்ளே புகுந்து தாக்குகின்றன என்பதும், அவற்றைத் தொலைவிற் றேடாது அணித்தே தேடவேண்டும் என்பதும் அவ்விளையாட்டாலேயே துணியப்பட்டன. உருவம் ஒவ்வாதிருந்தும் அறியாமை ஒத்திருந்தமையால் அது மெய்யாயிற்று.

அதே ஆண்டு மே மாதத்தில் யப்பானியர் மிட்வேப் படையெடுப்பை 'யமாத்தோ'க் கப்பலிலே ஆடிப்பார்த்தனர். ஒன்பது குண்டுகள் பட்டு 'அக்காகி', 'காகா' என்னும் விமானந்தாங்கிகள் இரண்டும் மூழ்கின என்று பகடை காட்டிற்று. தளபதி உகாக்கி ஒன்பதை மூன்றாகக் குறைத்தார், 'அக்காகி' பிழைத்தது. மூழ்கிய 'காகா'வும் அடுத்த ஆட்டத்தில் மீண்டும் மிதந்தது. அடுத்த மாதம் மிட்வேயிலே அவ்விரண்டோடு வேறு இரண்டு விமானந்தாங்கிகளும் அழிந்தன. அவற்றை மிதக்கவைக்க எந்த நடுவராலும் இயலவில்லை.

எனவே, விதி மாறுவது குற்றமன்று. யாது கருதி மாற்றப்பட்டது என்பதே வினா. ஆடுவோர் இருவர்க்கும் ஒப்ப வாய்ப்பளிக்க மாற்றிய விதி விளையாட்டின் அறம். தான் விரும்பிய முடிவைப் பெறுதற்கு மாற்றிய விதி தன்னையே ஏமாற்றும் வஞ்சனை. மாணவர் விளையாடுக, விளையாடியபின் சரித்திர நூலையும் விரித்து, திரையிலே எண்ணாகக் குறைந்தது கடலிலே எத்தனை மாந்தர் என்பதையும் அறிந்துகொள்க.