திருவாதிரை மங்கியது ஏன்? விண்மீன்களை எப்படி அளக்கிறார்கள்?

2019ஆம் ஆண்டின் இறுதி. ஓரியன் விண்மீன் கூட்டத்தில் சிவப்பாக மின்னும் திருவாதிரை மங்கத் தொடங்கியது. பீட்டல்ஜூஸ் என்றால் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும்.

"வெடிக்கப் போகுதா?" உலகெங்கும் இதே கேள்வி.

அது வயதாகிவிட்ட மாபெரும் விண்மீன். என்றாவது ஒருநாள் வெடிக்கத்தான் போகிறது. அந்த நாள் நெருங்கிவிட்டதா? ஊகித்தால் போதாது, அளக்க வேண்டும்.

ஒளியை அளப்பது எப்படி?

விண்மீன்களின் ஒளிக்கு எண் தருகிறார்கள். எண் குறையக் குறைய ஒளி கூடும்!

- இரவு வானில் ஆகப் பிரகாசமான விண்மீன் சிரியஸ்: -1.5
- வெறுங்கண்ணுக்கு இலேசாகத் தெரிபவை: 6

5 எண் வித்தியாசம் என்றால் ஒளியில் 100 மடங்கு வித்தியாசம். ஓர் எண் என்றால் சுமார் 2.5 மடங்கு.

திருவாதிரையின் எண் வழக்கமாக 0.5ஐ ஒட்டியிருக்கும். 2020 பிப்ரவரியில் அது 1.6 ஆனது. 'ஒன்றுதானே கூடியிருக்கு' என்று தோன்றலாம். ஆனால் ஒளி கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது.

இதைக் கவனிக்கத் தொலைநோக்கிகூடத் தேவையில்லை. அருகிலுள்ள ரோகிணியோடு ஒப்பிட்டால் போதும். அதன் ஒளி அவ்வளவாக மாறாது. எண் சுமார் 0.9. வழக்கமாகத் திருவாதிரைதான் அதைவிடப் பிரகாசம். அப்போது நிலைமை தலைகீழானது.

ஓட்டத்தை அளப்பது எப்படி?

விண்மீன்கள் அசையாமல் நிற்பதில்லை. அவற்றின் ஓட்டத்தை இரண்டு வகையாக அளக்கலாம்.

- பக்கவாட்டில்: பல ஆண்டுகள் இடைவெளியில் படமெடுத்து, இடம் மாறியதைப் பார்ப்பார்கள். வானில் ஆக வேகமாக இடம் மாறும் பர்னார்ட் விண்மீனுக்கே நிலாவின் அகலத்தைக் கடக்கச் சுமார் 180 ஆண்டு ஆகும்!

- நம்மை நோக்கி அல்லது விலகி: ஆம்புலன்ஸ் நெருங்கும்போது சைரன் ஒலி கீச்சென்று கேட்கும், தாண்டிப் போனதும் தணியும். ஒளியும் அப்படித்தான். நெருங்கும் பொருளின் ஒளி நீலப் பக்கம் நகரும், விலகினால் சிவப்புப் பக்கம். நகர்ந்த அளவு வேகத்தைச் சொல்லிவிடும். பர்னார்ட் விண்மீன் வினாடிக்குச் சுமார் 110 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நெருங்குகிறது.

அப்போ, திருவாதிரைக்கு என்னதான் ஆச்சு?

இரண்டாவது முறை கைகொடுத்தது. 2019இன் பிற்பகுதியில் ஹப்பிள் தொலைநோக்கி பதிவுசெய்த ஒளியை ஆராய்ந்தபோது, விண்மீனிலிருந்து சூடான வாயு மணிக்கு 300,000 கிலோமீட்டருக்கும் அதிக வேகத்தில் வெளியேறியது தெரிந்தது. அது குளிர்ந்து தூசியாகி, விண்மீனின் ஒரு பகுதியை மறைத்தது என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

2020 ஏப்ரலில் பழைய ஒளி திரும்பியது. வெடிப்புக்கு இன்னும் 100,000 ஆண்டுவரை ஆகலாம் என்பது கணிப்பு.

ஜனவரி முதல் மார்ச் வரை, மேகமில்லாத மாலையில் அண்ணாந்து பாருங்கள். விளக்கொளி நிறைந்த நம் ஊர் வானிலும் திருவாதிரை தெரியும். ரோகிணியைவிடப் பிரகாசமா? நீங்களே அளந்து பார்க்கலாம்.